வரைபடம் வருமுன் நம் கணக்கு: புளியந்தோப்பின் அடுத்த இருபது ஆண்டுகளை எழுதப்போவது யார்?

சென்னைப் பெருநகருக்கான மூன்றாவது முழுமைத் திட்டத்தைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் தயாரித்துவருகிறது. 2027 முதல் 2046 வரையிலான இருபது ஆண்டுகளில் எந்த நிலம் எதற்குப் பயன்பட வேண்டும், எந்தச் சாலையோரம் எத்தனை மாடி எழலாம், எந்தக் கால்வாயின் கரை எவ்வளவு தூரம் வெறுமையாக இருக்க வேண்டும் என்பதை 1,189 சதுர கிலோமீட்டர் பரப்புக்கும் அந்தத் திட்டமே வகுக்கும். அது சட்டத்தகுதி பெற்றபின் அதை அசைப்பது கடினம். எனவே அதைப் பற்றிப் பேச வேண்டிய காலம் இதுதான்.

இந்தக் காலத்தில் வடசென்னையில் பெரும் மாற்றங்கள் நிகழ்கின்றன. மாதவரத்திலிருந்து சிப்காட் வரை செல்லும் மெட்ரோ இரயில் வழித்தடம் பெரம்பூர், ஓட்டேரி, பெரம்பூர் பேரக்ஸ் சாலை வழியே நிலத்தடிப் பாதையாகச் செல்கிறது. 2023-24 நிதிநிலை அறிக்கையில் 1,000 கோடி ரூபாய் மதிப்பில் அறிவிக்கப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டம் பின்னர் பல மடங்கு விரிவாக்கப்பட்டது. 1996இல் மூடப்பட்ட பக்கிங்ஹாம்–கர்நாடிக் ஆலையின் நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் வணிக வளாகமும் எழுந்துள்ளன. 1970களில் கட்டப்பட்ட வாரியக் குடியிருப்புகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகின்றன. ஒரு தலைமுறைக்கு முன் எவரும் ஏறிட்டுப் பார்க்காத புளியந்தோப்பு, வியாசர்பாடி நிலத்துக்கு இன்று விலை வந்திருக்கிறது.

விலை வந்தது நல்லதுதான். ஆனால் அந்த விலைக்குக் காரணமான மெட்ரோவும் பூங்காவும் சாலையும் வந்து சேரும்போது, குடிநீரும் கழிவுநீர்ப் பாதையும் இல்லாத நாள்களில் இங்கே வாழ்ந்தவர்கள் இங்கேயே இருப்பார்களா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாத எந்தத் திட்டமும், எவ்வளவு அழகாக வரையப்பட்டாலும், நமக்கு எதிரான திட்டமே.

நூறாண்டுக் கேள்வி

இந்தக் கேள்வி புதியதன்று. 1921இல் பக்கிங்ஹாம்–கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. வீடிழந்தவர்கள் வியாசர்பாடியில் அமைக்கப்பட்ட முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பூசலைத் தவிர்க்க ஆதிதிராவிடர்களை நகரைவிட்டே அகற்றிவிடலாம் என்ற குரலும் அப்போது எழுந்தது. எம்.சி. ராஜா போன்ற தலைவர்கள் அதற்கு எதிராக நின்றார்கள். தாக்கப்பட்டவரையே இடம்பெயரச் சொல்வதும், நகரின் அமைதிக்கு விலையாகச் சேரியின் இருப்பைக் கேட்பதும் அன்றே தொடங்கிவிட்டன. இன்று அந்தக் குரல் வெள்ளத்தடுப்பு, நீர்நிலை மீட்பு, நகர அழகு என்ற சொற்களில் ஒலிக்கிறது.

1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் வாக்குறுதி, குடிசை நின்ற இடத்திலேயே அடுக்குமாடி வீடு என்பதாகும். புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் மக்கள் இன்றும் ‘ஹவுசிங் போர்டு’ என்றழைக்கும் பழைய கட்டடங்கள் அந்த வாக்குறுதியின் மிச்சங்கள். 1977இல் உலக வங்கி நிதியுடன் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம், குடிசைப் பகுதிகளை இருந்த இடத்திலேயே மேம்படுத்தி நில உரிமை அளிக்கும் வழியையும், கொடுங்கையூர் போன்ற இடங்களில் அடிப்படை வசதிகளுடன் மனை அளிக்கும் வழியையும் கையாண்டது. குறைகள் பல இருந்தபோதும், ஏழைகள் நகருக்குள் வாழலாம் என்ற எண்ணம் அரசிடம் அப்போது இருந்தது.

பிறகு அந்த எண்ணம் கைவிடப்பட்டது. 1971ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிகள் சட்டத்தின்கீழ் அந்த ஆண்டில் 1,202 பகுதிகளும் 1985இல் மேலும் 17 பகுதிகளும் அறிவிக்கை செய்யப்பட்டன. அதன்பின் புதிய அறிவிக்கை வந்ததில்லை. அறிவிக்கை பெற்ற பகுதியில் குடியிருப்போரை உரிய அனுமதியின்றி வெளியேற்ற முடியாது. வசதிகள் செய்துதரும் பொறுப்பும் அரசுக்கு உண்டு. அறிவிக்கை பெறாத பகுதியில் வாழ்பவர் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் ஆவணத்தில் ‘ஆக்கிரமிப்பாளர்’ ஆகிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னை மாநகராட்சி மக்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தனர். அவர்களுக்கான சட்டப் பட்டியலோ 1985இலேயே நின்றுவிட்டது.

2000 முதல் கண்ணகி நகர், ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரி, அடுத்து பெரும்பாக்கம் என நகரின் தெற்கு விளிம்பில் மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் பெருகின. பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. 2015 பெருவெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் அங்கு அனுப்பப்பட்டார்கள். வேலை நகருக்குள், வீடு 25 கிலோமீட்டருக்கு அப்பால் என்றான பின் அங்கே என்ன நடந்தது என்பதை நாம் அறிவோம். வீட்டுவேலை செய்த பெண்கள் வேலை இழந்தார்கள். பிள்ளைகளின் படிப்பு ஆண்டு நடுவில் முறிந்தது. முகவரியைச் சொன்னாலே வேலை மறுக்கப்படும் நிலை இளைஞர்களுக்கு வந்தது.

சேரியைக் காப்பதா நம் நோக்கம்?

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஐயம் எழலாம். சேரி என்பதே சாதி ஒதுக்கிவைத்த நிலம்தானே, அதை அப்படியே காக்க வேண்டும் என்று நாம் ஏன் கேட்க வேண்டும், கலைந்து நகரெங்கும் பரவினால் சாதி மங்காதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சேரியின் நெருக்கடியையும் சாக்கடையையும் பெருமைப்படுத்த நமக்கு விருப்பமில்லை. ஆனால் வெளியேற்றம் சேரியைக் கலைக்கவில்லை என்பதே கண்கூடான உண்மை. பல சேரிகளை ஒன்றுதிரட்டி, நகரிலிருந்து பிரித்து, ஒரே வகைக் கட்டடங்களில் அடுக்கி, முன்னைவிடப் பெரிய சேரியை அது உருவாக்கியது. இங்கிருந்தபோது அருகில் கடைத்தெருவும் இரயில் நிலையமும் அரசு மருத்துவமனையும் இருந்தன. பிற சமூகத்தவரோடு கலந்து வாழும் தெருக்களும் இருந்தன. அங்கே அதுவும் இல்லை.

சாதி எல்லை அழிய வேண்டுமென்றால் நகரின் நடுவே நிலமும் வீடும் நம் பெயரில் இருக்க வேண்டும். விரும்புபவர் விற்றுவிட்டு வேறிடம் செல்லவும், விரும்புபவர் இங்கேயே தங்கவும் முடிய வேண்டும். தெரிவு நம் கையில் இருக்கும்போது மட்டுமே இடப்பெயர்வு விடுதலையாகும்.

கருத்துக் கேட்பது வேறு, திட்டமிடுவது வேறு

மக்கள் பங்கேற்பு என்ற சொல் இன்று எல்லா அரசு ஆவணங்களிலும் உண்டு. 2022 மே மாதம் இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அதன்பின், மறுகுடியமர்வுக்கு முன் மக்களோடு கலந்து பேசுவோம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓர் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்ற அறிவிப்பு அது. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வெளியேற்றம் முடிவான பின் எங்கே போகிறீர்கள் என்று கேட்பது கலந்துபேசுதல் ஆகாது. குடிசைவாசிகளோடு முன்கூட்டியே பொருளுள்ள வகையில் பேசாமல் அவர்களை அகற்ற முடியாது என்று அஜய் மாக்கன் வழக்கில் 2019இல் தில்லி உயர் நீதிமன்றம் கூறியது இதனாலேயே முக்கியமானது.

முழுமைத் திட்டத்திலும் இதே நிலைதான். வரைவு வெளியான பின் ஆட்சேபம் தெரிவிக்கக் குறிப்பிட்ட அவகாசம் தரப்படும். நூற்றுக்கணக்கான பக்கங்களையும் வண்ண வரைபடங்களையும் படித்து, தன் தெரு எந்த நிறத்தில் தீட்டப்பட்டிருக்கிறது என்று கண்டறிந்து, அதற்குச் சட்டமொழியில் எதிர்ப்பு எழுதுவது யாரால் முடியும்? கட்டுமான நிறுவனங்களால் முடியும். ஆட்டுத்தொட்டியில் வேலை செய்பவருக்கும் பழைய இரும்புக்கடை நடத்துபவருக்கும் அதற்கு நேரமோ ஆளோ இல்லை.

புளியந்தோப்பு கேசவப்பிள்ளை பூங்கா குடியிருப்பின் அனுபவம் நமக்குப் பாடமாக வேண்டும். பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டு, அதே இடத்தில் 1,920 வீடுகள் கட்டப்பட்டன. வெளியேற்றாமல் அங்கேயே கட்டியது வரவேற்கத்தக்கது. ஆனால் 2021 ஆகஸ்டில், மக்கள் குடியேறிய சிறிது காலத்திலேயே சுவர்ப்பூச்சு கையால் தொட்டால் உதிர்ந்தது. தொகுதி உறுப்பினர் சட்டமன்றத்தில் எழுப்பியபின் சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஆய்வுக்கு அழைக்கப்பட்டார்கள். கட்டுமானம் நடந்த காலம் முழுவதும் சிமெண்டின் தரத்தைக் கேள்வி கேட்கும் உரிமை, அந்த வீட்டில் வாழப்போகும் எவருக்கும் இருந்ததில்லை. வீட்டுக்கான பங்குத்தொகையை மட்டும் அவர்களிடம் கேட்டார்கள். இடம் நமதாக இருந்தும் திட்டம் நமதாக இல்லாதபோது நேர்வது இதுதான்.

மறுகட்டுமானக் காலத்தில் வெளியே தங்க ஒரு குடும்பத்துக்கு வழங்கப்படும் கருணைத்தொகை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கட்டடம் முடிய 18 மாதம் என்று வைத்துக்கொண்டால்கூட மாதத்துக்கு 1,333 ரூபாய். இந்தப் பணத்தில் வடசென்னையில் எந்தத் தெருவில் வாடகைக்கு வீடு கிடைக்கும் என்ற கணக்கை அந்தப் பகுதிப் பெண்களிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள்.

திறந்திருக்கும் கதவு

அரசியல் பிரதிநிதித்துவத்தில் நாம் சில படிகள் ஏறியிருக்கிறோம். எழும்பூரும் திரு.வி.க. நகரும் தனித்தொகுதிகள். 2022இல் சென்னையின் முதல் தலித் பெண் மேயராக ஆர். பிரியா இந்தப் பகுதியிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆயினும் நகரின் நிலப்பயன்பாட்டைத் தீர்மானிக்கும் அதிகாரம் மாநகராட்சி மன்றத்திடம் இல்லை; மாநில அரசின்கீழ் இயங்கும் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் இருக்கிறது. பெருநகரத் திட்டக்குழுவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத உறுப்பினர்கள் உள்ளாட்சிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களால் தேர்வு செய்யப்பட வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243 இசட்.இ. பிரிவு கூறுகிறது. அதன் நோக்கம் சென்னையில் இன்னும் நிறைவேறவில்லை.

இந்நிலையில் நம் கையில் இருக்கும் சட்டக் கருவி பகுதி சபா. 2022இல் தமிழ்நாடு அரசு வகுத்த விதிகளின்படி மாநகராட்சியின் ஒவ்வொரு வார்டும் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அந்தப் பகுதியின் வாக்காளர் அனைவரும் உறுப்பினராக இருக்கும் சபா கூட வேண்டும். 2022 நவம்பர் 1 அன்று உள்ளாட்சி நாளில் முதல் கூட்டங்கள் நடந்தன. குறைகள் உண்டு. பகுதிப் பிரதிநிதிகள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, நியமிக்கப்படுகிறார்கள். பல இடங்களில் தெருவிளக்கும் குப்பைத்தொட்டியும் பேசிக் கலைகிறார்கள். இருந்தாலும், ஒரு தெருவின் மக்கள் கூடித் தீர்மானம் எழுதி, அதை அரசு ஆவணமாக்க முடிகிற ஒரே இடம் இன்று இதுதான். 

வேறிடங்களில் நடந்தவை நமக்குத் துணை நிற்கின்றன. கேரளம் 1996இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளின் முடிவுக்கு விட்டது. ஒடிசா 2017இல் குடிசைவாசிகளுக்கு நில உரிமை வழங்கும் சட்டம் இயற்றியது. ஆளில்லா விமானம் கொண்டு எடுத்த வரைபடத்தைக் குடிசைவாசிகளின் சங்கங்கள் வீடு வீடாகச் சரிபார்த்தன. புனேயின் எரவாடாவில் மகிளா மிலன் பெண்கள், கட்டடக் கலைஞர்களோடு அமர்ந்து, பழைய சந்துகளும் அண்டை வீடுகளும் குலையாமல் இருந்த இடத்திலேயே வீடுகளை மீண்டும் கட்டிக்கொண்டார்கள். இவற்றுக்கெல்லாம் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. வல்லுநர் வரைந்ததை மக்கள் ஒப்புக்கொண்டதோடு இவை நிற்கவில்லை. யார், எங்கே, எப்படி வாழ்கிறார்கள் என்ற தகவல் மக்களின் கையிலிருந்து வந்தது.

நம் திட்டத்தில் எழுத வேண்டியவை

எனவே நம் முதல் வேலை கணக்கெடுப்பு. வாரியத்தின் பதிவேட்டில் இருப்பவர் அசல் ஒதுக்கீடுதாரர் மட்டுமே. அதே வீட்டில் மணமாகித் தடுப்புக்கு அப்பால் வாழும் இரண்டு மகன்களின் குடும்பங்களும், வெள்ளைத்தாளில் எழுதி வாங்கியவரும், வாடகைக்கு இருப்பவரும், நடைபாதையில் வாழ்பவரும் அதில் இல்லை. பதிவேட்டில் இல்லாதவர் புதிய கட்டடத்திலும் இருக்கமாட்டார். 1,000 வீடு இடித்து 1,000 வீடு கட்டினாலும் பாதிக் குடும்பங்கள் காணாமற்போகும் கணக்கு இப்படித்தான் நிகழ்கிறது. அரசின் கணக்கெடுப்பு வருமுன் நம் கணக்கு சபாவின் தீர்மானத்தோடு பதிவாகிவிட வேண்டும்.

இரண்டாவது, தொழிலின் வரைபடம். முழுமைத் திட்டத்தின் வண்ணங்களில் குடியிருப்பு, வணிகம், தொழில் என்று தனித்தனியே நிறம் உண்டு. நம் தெருவில் இவை மூன்றும் ஒரே வாசலில் இருக்கின்றன. இட்லிக்கடையும் இறைச்சிக்கடையும் பழைய பொருள் பிரிக்கும் இடமும் ஆட்டோ நிறுத்தமும் எங்கெங்கே, எத்தனை பேர் அவற்றால் பிழைக்கிறார்கள் என்று குறிக்க வேண்டும். தரைத்தளத்தில் தொழிலுக்கு இடமில்லாத எந்த அடுக்குமாடி வரைபடத்தையும் சபா ஏற்கக் கூடாது.

மூன்றாவது, நீர். ஓட்டேரி நல்லாவும் கேப்டன் காட்டன் கால்வாயும் பெருகும்போது எந்தத் தெருவில் முழங்கால் அளவு, எந்தத் தெருவில் இடுப்பளவு நீர் நிற்கும் என்பது இங்கு வாழ்பவர்களுக்கு மனப்பாடம். அதை ஆண்டுவாரியாக எழுதி வைத்தால் ‘வெள்ள அபாயம்’ என்ற ஒற்றைச் சொல்லால் நம்மை அகற்ற முடியாது. நீர் நிற்பதற்குக் காரணம் குடிசையா, தூர்வாராத கால்வாயா, உயர்த்திப் போட்ட சாலையா என்று கேட்கும் வலு நமக்கு வரும்.

நான்காவது, பொதுவெளி. வியாசர்பாடியின் கால்பந்து மைதானமும், குத்துச்சண்டைக் கூடமும், அம்பேத்கர் மன்றமும், மாலைநேர வகுப்பு நடக்கும் அறையும், கானா பாடும் தெருமுனையும் ஆவணத்தில் ‘காலியிடம்’ அல்லது ‘புறம்போக்கு’ என்றே இருக்கும். பெயரிட்டுப் பதிவு செய்யாதவரை அவை வாகன நிறுத்தமாக மாறிவிடும்.

ஐந்தாவது, நிபந்தனைகள். மொத்தமாக வெளியேற்றாமல் கட்டம் கட்டமாக மறுகட்டுமானம், வெளியே தங்கும் காலத்துக்கு உண்மையான வாடகை, தரத்தைக் கண்காணிக்கக் குடியிருப்போர் குழு, பெண்ணின் பெயரில் கிரயப்பத்திரம், மின்தூக்கிப் பராமரிப்புக்கு வாரியத்தின் பொறுப்பு ஆகியவை எழுத்தில் வேண்டும்.

இதற்கான நிதி எங்கே என்று கேட்பார்கள். 2024இல் சட்டமன்றம் நிறைவேற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம், மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்கக் கடமைப்படுத்துகிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். எல்லோருக்குமான பொதுச் செலவில் ஒரு பங்கை நம் செலவாகக் கணக்குக் காட்டும் பழக்கத்தை முறிக்க வேண்டுமென்றால், இந்தத் தெருவுக்கு இந்த வேலை என்று எழுதப்பட்ட திட்டம் நம்மிடம் இருக்க வேண்டும். கேட்பவரிடம் திட்டம் இல்லாதபோது நிதி வேறு கணக்கில் கரைந்துவிடுகிறது.

நமக்குள்ளே கேட்க வேண்டியவை

மக்கள் திட்டம் என்று சொல்லிவிட்டால் அது தானாகவே நீதியானதாகிவிடாது. பேசத் தெரிந்த ஆண்களும் கட்சி வட்டப் பொறுப்பாளர்களும் தரகர்களும் கூட்டத்தை நடத்தி, அவர்களின் விருப்பமே மக்களின் விருப்பமாகப் பதிவாகும் ஆபத்து எப்போதும் உண்டு. தூய்மைப் பணியில் இருக்கும் அருந்ததியர் குடும்பங்கள் தெருக்கோடியில் தனியே அமர்ந்திருக்கும் சபாவில் எடுக்கும் தீர்மானம் நம் தீர்மானமாகாது. திருநங்கையருக்கும், தனித்து வாழும் பெண்களுக்கும், வாடகைதாரருக்கும் இடம் தராத கணக்கெடுப்பு வாரியத்தின் பதிவேட்டைவிட எவ்வகையிலும் மேலானதன்று. பெண்கள் வேலையிலிருந்து திரும்பிய பின் கூட்டம் நடக்க வேண்டும். வாடகைதாரரின் குரலுக்கு உரிமையாளரின் குரலுக்குச் சமமான எடை வேண்டும்.

இந்த வேலைக்கு வெளியிலிருந்து எவரும் வரத் தேவையில்லை. வியாசர்பாடியிலேயே அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவர்களில் பலர் இந்தத் தெருக்களின் பிள்ளைகள். ஒரு தெருவுக்கு ஐந்து மாணவர்கள், அத்தெருவின் பெண்கள் இருவர், கையில் ஒரு படிவம், ஒரு கைப்பேசி என்று தொடங்கினால் கணக்கெடுப்பு சில வாரங்களில் முடியக்கூடிய வேலைதான். சட்டம் படித்தோரும் கட்டடப் பொறியியல் படித்தோரும் நம்மிடையே இன்று இருக்கிறார்கள். வரைவுத் திட்டத்தை எளிய தமிழில் தெருவுக்குக் கொண்டுவருவது அவர்களின் கடமை.

அடுத்த பகுதி சபா எப்போது என்று உங்கள் வார்டு உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள். நடக்காவிட்டால் நடத்தக் கோரி மனு அளியுங்கள். முழுமைத் திட்ட வரைவு வெளியாகும் நாளில் ஆட்சேபம் எழுதத் தொடங்குபவர்கள் ஏற்கெனவே தாமதித்தவர்கள். அந்த நாளில், சபாவின் தீர்மானத்தோடு கூடிய நம் தெருவின் திட்டம் குழுமத்தின் மேசையில் இருக்க வேண்டும். அதை மறுத்தால், எந்தக் காரணத்துக்காக மறுத்தார்கள் என்பதையாவது அவர்கள் எழுதிக்கொடுக்க வேண்டிவரும்.